மொட்டை போடும் முன் ஒரு கையெழுத்து: சீரியலுக்கும் சினிமாவுக்கும் நடுவில் நிற்கும் குணச்சித்திர நடிகருக்கு

வாசகருக்கு வயது 47. மேடை நாடகத்தில் தொடங்கியவர். 14 ஆண்டுகளாக நடிப்பு மட்டுமே தொழில். இன்ஸ்பெக்டர், தாசில்தார், கடன் கொடுத்த மாமா, ஊர்ப் பெரியவர் என்று இருபதுக்கும் மேற்பட்ட படங்களில் சின்னச் சின்ன வேடங்கள் செய்திருக்கிறார். இப்போது ஒரு தினசரி சீரியலில் கதாநாயகியின் அப்பா. நாளுக்கு 9,000 ரூபாய், மாதம் சராசரியாக 16 நாள் வேலை. இரண்டு வருட ஒப்பந்தத்தில் 14 மாதம் முடிந்துவிட்டது.

இந்த நேரத்தில் புது இயக்குநர் ஒருவரின் படத்தில், ஆரம்பத்திலிருந்து முடிவு வரை வரும் வேடம் ஒன்று தேடி வந்திருக்கிறது. 22 நாள் படப்பிடிப்பு, மொத்தமாக மூன்றரை லட்சம் சம்பளம். தலை மொட்டை, மீசையும் கூடாது என்பது நிபந்தனை. சீரியல் அப்பாவுக்கோ அடர்ந்த முடி, முறுக்கிய மீசை. சீரியல் ஒப்பந்தத்தில், எழுத்து அனுமதியில்லாமல் வேறு எதிலும் நடிக்கக் கூடாது, தோற்றத்தை மாற்றக் கூடாது, மீறினால் 10 லட்சம் தர வேண்டும் என்று இருக்கிறது. "முதல்ல மொட்டையைப் போடுங்க சார், அப்புறம் பேசிக்கலாம்" என்கிறார் மேனேஜர். மாதா மாதம் வருகிற பணத்தை விட வேண்டாம் என்கிறார் மனைவி.

இதோடு வேறு கவலைகளும் உண்டு. ஒரு பழைய படத்தில் 2,40,000 ரூபாய் பாக்கி நிற்கிறது. முத்திரைத்தாளில் ஒப்பந்தம் போடாததால் அது போனது போனதுதான் என்று நினைக்கிறார். சீரியல் ஓடிடியில் திரும்பத் திரும்ப ஓடுகிறதே, ராயல்டி வராதா என்று கேட்கிறார். சீரியலை விட்டால் 'ரெட் கார்டு' (இவரோடு யாரும் வேலை செய்யக் கூடாது என்ற தடை) போட்டுவிடுவார்களோ என்ற பயமும், சீரியல் முகம் என்று முத்திரை விழுந்தால் சினிமா போய்விடுமோ என்ற பயமும் சேர்ந்தே இருக்கின்றன. (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

அன்புள்ள நண்பருக்கு,

'சீரியலா, சினிமாவா' என்ற கேள்வி உங்கள் கடிதத்தில் நான்கு இடங்களில் வருகிறது. அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நாயக நடிகருக்குப் பெயர்தான் முதலீடு. உங்களைப் போன்ற குணச்சித்திர நடிகருக்கு முதலீடு இரண்டு: தேதி, தோற்றம். உங்கள் சிக்கல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், இந்த இரண்டில் ஒன்று எழுத்தில்லாமல் கைமாறியதாலோ, கைமாறப் போவதாலோ வந்ததாகவே இருக்கிறது.

படம் கேட்பது 22 நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் அது கேட்பது உங்கள் தலையின் ஆறு மாதம். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டரோ, அதற்குச் சற்று மேலோதான் வளரும். வகிடெடுத்துச் சீவ ஐந்து சென்டிமீட்டராவது வேண்டும். அதற்கே நான்கைந்து மாதம் ஆகும். 22 நாளும் ஒரே மூச்சில் நடக்காது. இரண்டு ஷெட்யூலாகப் பிரித்தால் இடைவெளியிலும் மழித்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த ஆறு மாதத்துக்கு யாரும் உங்களிடம் விலை பேசவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மேனேஜர் பங்கு இரண்டு பக்கமும் உண்டு என்பதால் அதை விட்டுவிடுவோம். சீரியலில் உங்கள் மாத வருமானம் 1,44,000. சீரியல்காரர்கள் உங்களை ஆறு மாதமும் ஒதுக்கி வைத்தால் 8,64,000 ரூபாய் போகும். இரண்டு மாதம் மட்டும் விட்டுக்கொடுத்து, பிறகு விக்கோடு ஏற்றுக்கொண்டால் போவது 2,88,000. முதல் கணக்கில் மூன்றரை லட்சப் படம் பெரிய நஷ்டம். இரண்டாவதில் சிறிய லாபமும் ஒரு நல்ல வேடமும் கிடைக்கும். ஆகவே முடிவு படத்தின் கையில் இல்லை, சீரியல்காரர்கள் சொல்லப்போகும் பதிலில் இருக்கிறது. அந்தப் பதிலைத் தலையில் கத்தி வைப்பதற்கு முன் எழுத்தில் வாங்க வேண்டும். உங்கள் மேனேஜர் சொல்லும் வரிசை அப்படியே தலைகீழ். மொட்டை போட்டுவிட்டுப் பேசப் போனால், இரண்டு தரப்பிடமும் பேரம் பேச உங்களிடம் எதுவும் மிஞ்சாது.

சீரியல் ஒப்பந்தம் உங்களை எவ்வளவு கட்டுப்படுத்தும்?

நீதிமன்றத்துக்குப் போய் உங்களைக் கட்டாயமாக நடிக்க வைக்க முடியாது. ஒருவரின் தனித்திறமையைச் சார்ந்த வேலையை அவரைச் செய்யவைத்தே தீர வேண்டும் என்று ஆணையிட 1963-ம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் இடம் தருவதில்லை. இதில் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

ஆனால் அதே சட்டத்தின் 42-வது பிரிவில் ஒரு மறுபக்கம் இருக்கிறது. 'வேறெங்கும் நடிக்க மாட்டேன்' என்று நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால், அந்த மறுப்பை மட்டும் தடையாணை மூலம் அமல்படுத்தலாம். 1852-ல் லண்டனில் யோகன்னா வாக்னர் என்ற பாடகியின் வழக்கில் பிறந்த தர்க்கம் இது: இங்கே பாடு என்று உத்தரவிட முடியாது, அங்கே பாடாதே என்று சொல்ல முடியும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவு தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்களைச் செல்லாது என்கிறதே என்று நண்பர் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும் தொடரும் தடைக்கு அது பொருந்தும். ஒப்பந்தம் உயிரோடிருக்கும் காலத்தில் ஒரே இடத்தில் வேலை செய்யச் சொல்வதை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்றுக்கொள்கின்றன. உங்களுக்கு இன்னும் 10 மாதம் பாக்கி இருக்கிறது.

பாதிப் படப்பிடிப்பில் தடையாணை வந்தால் என்ன ஆகும்? படத்தின் ஒப்பந்தத்தில், 'இந்தப் படத்துக்கு இடையூறான வேறு கடமை எதுவும் எனக்கில்லை' என்ற உறுதிமொழி கட்டாயம் இருக்கும். அதை நம்பிச் செலவழித்த தயாரிப்பாளரும் உங்கள் மேல் திரும்புவார். உங்கள் உண்மையான ஆபத்து இங்கேதான். 10 லட்சம் என்ற எண்ணில் இல்லை.

அந்த 10 லட்சம் பற்றி: ஒப்பந்தத்தில் ஒரு தொகையை எழுதிவிட்டால் அது அப்படியே கிடைத்துவிடாது. ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவுப்படி எழுதப்பட்ட தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீட்டை நீதிமன்றம் தீர்மானிக்கும். இழப்பைக் கணக்கிட முடிகிற இடத்தில் அதை நிரூபிக்கவும் வேண்டும். ஆனால் இதைக் கேட்டுத் தைரியமாக மொட்டை போட்டுவிடாதீர்கள். நீங்கள் முறுக்கு மீசையோடு வருவீர்கள் என்று நம்பி படப்பிடிப்பு வீட்டின் வாடகை, யூனிட் செலவு, உடன் நடிப்பவர்களின் அன்றைய சம்பளம் எல்லாம் கொடுத்து, அந்த நாள் ரத்தானால், அந்த இழப்பை நிரூபிக்க அவர்களுக்கு ரசீதுகளே போதும்.

ரெட் கார்டு விஷயம். ஒரு கலைஞரோடு யாரும் வேலை செய்யக் கூடாது என்று சங்கங்கள் கூடித் தடை போடுவது போட்டிச் சட்டத்துக்கு விரோதமானது. மலையாள இயக்குநர் வினயன் தொடுத்த வழக்கில் இந்தியப் போட்டி ஆணையம் 2017-ல் கேரளத்தின் நடிகர் சங்கமான அம்மாவுக்கும் தொழிலாளர் கூட்டமைப்பான ஃபெஃப்காவுக்கும் அபராதம் விதித்தது. 2020-ல் உச்ச நீதிமன்றம் வரை அது நிலைத்தது. ஆகவே சட்டம் உங்கள் பக்கம். ஆனாலும் தொலைபேசியில் 'அவரைப் போடாதீங்க' என்று சொல்லப்படும் ஒரு வார்த்தைக்குச் சாட்சி இருக்காது. தேதியில் தவறாதவர், சொல்லாமல் போகாதவர் என்ற பெயரே அந்த வார்த்தையிலிருந்து உங்களைக் காக்கும். மொட்டைக்கு முன்பே அனுமதி கேட்டு எழுதச் சொல்வது இதனாலும்தான்.

சீரியல்காரர்களிடம் எப்படிக் கேட்பது

புரொடக்ஷன் மேனேஜரிடம் முதலில் போகாதீர்கள். அவர் பார்வையில் நீங்கள் கேட்பது மாதத்தில் 16 நாள் ஓட்டை. 'முடியாது' என்ற பதில் சட்டென்று வந்துவிடும். முதலில் இயக்குநரிடமும் கதை எழுதுபவரிடமும் பேசுங்கள். அவர்களுக்கு நடிகரின் பிரச்சினை ஒரு டிராக்காக, அதாவது ஒரு கிளைக்கதையாகத் தெரியும். அப்பா கேதார யாத்திரை போகலாம். மகள் பிரச்சினைக்காக வெளியூரில் தங்கிப் போனில் மட்டும் பேசலாம்; அதற்கு உங்கள் குரலை ஒரே நாளில் பதிவு செய்துவிடலாம். இன்னொன்றும் யோசியுங்கள்: மகளுக்காகப் பழநிக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போட்டு வரும் அப்பாவை எந்த வீட்டிலும் ஏற்றுக்கொள்வார்கள். அப்படி ஒரு டிராக் கிடைத்தால் விக்கே வேண்டாம், மீசைக்கும் சேர்த்து விடை கிடைத்துவிடும். முடி வளர வளர அதுவும் கதைக்குள்ளேயே அடங்கும்.

இது ஒத்துவரவில்லை என்றால் விக் பற்றிப் பேசலாம். ஒட்டு மீசை தினசரி விஷயம், மேக்கப்காரர் பார்த்துக்கொள்வார். தலை அப்படியல்ல. நெற்றியோர முடிக்கோடு தெரியாமலிருக்க லேஸ் வைத்து, உங்கள் தலை அளவெடுத்துச் செய்த விக் தேவை. மொட்டை போடுவதற்கு முன் உங்கள் முடியை நான்கு பக்கமும் புகைப்படம் எடுத்து, நிறத்துக்கும் வகிட்டுக்கும் ஒரு மாதிரி முடிக்கற்றையும் கொடுத்து வையுங்கள். நரையின் அளவு பொருந்தாமல் போவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. விக்கின் செலவைப் படத் தயாரிப்பாளர் ஏற்பதே முறை. தோற்றத்தை மாற்றச் சொன்னவர் அவர்தான்.

படத்தில் மொட்டைக்குப் பதில் 'பால்ட் கேப்' (மொட்டைபோலக் காட்டத் தலையில் ஒட்டும் உறை) போடலாமே என்று யாராவது சொன்னால் யோசித்து ஒப்புக்கொள்ளுங்கள். ஒட்டவே காலையில் ஒன்றிரண்டு மணி நேரம் போகும். நம் வெயிலில் வியர்வை இறங்கி நெற்றி ஓரம் பிரியும், குளோசப்பில் சுருக்கம் காட்டிக்கொடுக்கும். ஓரிரண்டு காட்சிக்குச் சரி, படம் முழுக்கத் தாங்காது.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். சீரியல்கள் சில நாள் எபிசோடுகளை முன்கூட்டியே எடுத்து வங்கிபோல வைத்திருக்கும். அந்த இருப்பு குறைந்திருக்கும் வாரத்தில் கேட்டால் கோபம்தான் வரும். படத்தின் முதல் நாளுக்கு ஆறு வாரமாவது முன்பு கேளுங்கள். வாய்ப் பேச்சு சுமுகமாக முடிந்த அன்றே மின்னஞ்சல் போய்விட வேண்டும். இப்படி எழுதலாம்:

"நமது ஒப்பந்தத்தின்படி எழுத்து அனுமதி கேட்கிறேன். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை ஒரு திரைப்படத்தில் நடிக்க இருக்கிறேன். அதற்காக இன்ன தேதியில் தலைமுடியும் மீசையும் நீக்கப்படும். இந்த இடைவெளிக்கு முன் ஐந்து நாள் கூடுதலாகத் தேதி தந்து தேவையான காட்சிகளை முடித்துத் தருகிறேன். இன்ன தேதி முதல் நாம் பேசியபடியான தோற்றத்தில் படப்பிடிப்புக்கு வருவேன். இந்தக் காலத்தில் என் கதாபாத்திரத்தில் வேறொருவர் நியமிக்கப்பட மாட்டார் என்பதையும் உறுதி செய்து பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். 'இவருக்குப் பதில் இனி இவர்' என்று திரையில் ஒரு வரி போட்டு மறுநாளே கதையைத் தொடரும் வழக்கம் நம் சீரியல்களில் உண்டு. அனுமதியும் கொடுத்து ஆளையும் மாற்றிவிட்டால், அந்த அனுமதியால் உங்களுக்குப் பயனில்லை. அனுமதி தருபவருக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அதிகாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சேனலின் ஒப்புதலும் தேவை என்று ஷரத்து இருந்தால் அதையும் வாங்கியாக வேண்டும்.

பதில் 'முடியாது' என்றே வந்தால்? அப்போது உங்களுக்கு இரண்டே வழி. மீதி 10 மாதம் முடியும்வரை படம் காத்திருக்குமா என்று கேட்பது, அல்லது பேசித் தீர்த்து சீரியலிலிருந்து எழுத்துப்பூர்வமாக விடுதலை பெறுவது. நிறுவனம் உங்களை 15 நாள் அறிவிப்பில் நீக்கலாம் என்று ஷரத்து இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதே 15 நாளை உங்களுக்கும் கேளுங்கள். சொல்லாமல் படத்துக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படத்தின் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை

நீங்கள் அனுப்பிய நான்கு பக்க வரைவில் தயாரிப்பாளரின் உரிமைகள் மூன்று பக்கம், உங்கள் சம்பளம் ஒரு வரி. அந்த ஒரு வரியை விரித்து எழுத வைக்க வேண்டும்.

22 நாளுக்கு மூன்றரை லட்சம் என்றால் நாளுக்குச் சுமார் 16,000. 23-வது நாளிலிருந்து இந்தக் கணக்கில் தனியாகத் தர வேண்டும் என்று எழுதுங்கள். இல்லையென்றால் மொத்தச் சம்பளம் என்ற சொல் 30 நாளையும் விழுங்கிவிடும். ஒரு கால்ஷீட் எத்தனை மணி நேரம், எதற்கு மேல் போனால் ஒன்றரையாகக் கணக்கு, டப்பிங் நாள்கள் 22-க்குள் அடங்குமா வெளியிலா, முந்தைய நாள் இரவு படப்பிடிப்பு ரத்தானால் எவ்வளவு, பேட்டா, பயணம், தங்குமிடம் யார் செலவு, எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு வரி போதும்.

தோற்றத்துக்குத் தனி ஷரத்து வேண்டும். எந்தத் தேதியில் மழிப்பது, எந்தத் தேதி வரை அப்படியே வைத்திருப்பது, அதற்குப் பிறகு பேட்ச் வேலைக்குக் கூப்பிட்டால் மறுபடி மழிக்க எவ்வளவு தருவார்கள் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். படங்களில் பிரச்சினை பெரும்பாலும் இங்கேதான் வெடிக்கும். எடிட்டிங் மேசையில் ஒரு காட்சி குறைகிறது என்று தெரிந்து, மூன்று மாதம் கழித்து அரை நாளுக்குக் கூப்பிடுவார்கள். அந்த அரை நாளுக்காக உங்கள் மூன்று மாத முடி போகும். படப்பிடிப்பு தள்ளிப்போனாலும், தோற்றத்தைக் காத்து வைத்திருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு தொகை கேளுங்கள். சீரியலில் இழக்கும் 1,44,000-ல் பாதியைக் கேட்டுப் பேச்சைத் தொடங்கலாம். மழிப்பதற்கு முன் அட்வான்ஸ் வங்கிக் கணக்கில் விழுந்திருக்க வேண்டும். காசோலை என்றால் அது பாஸான பிறகுதான்.

பணத்தை நான்காகப் பிரியுங்கள்: கையெழுத்தின்போது கால் பங்கு, ஒவ்வொரு ஷெட்யூல் முடிவிலும் கால் பங்கு, மீதிக் கால் பங்கு டப்பிங்குக்கு முன். பாக்கியை வாங்கிக்கொண்டு டப்பிங் பேசுவது நம் துறையில் நடிகர்களுக்கு இருக்கும் இயல்பான பிடி. ஆனால் இந்தப் படம் சிங்க் சவுண்டில் எடுக்கப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். நேரடி ஒலிப்பதிவில் அந்தப் பிடி இல்லை. ஆகவே கடைசித் தவணை, கடைசிப் படப்பிடிப்பு நாளுக்கு முந்தைய நாள் வர வேண்டும். உங்கள் குரலை உங்கள் சம்மதமில்லாமல் வேறொருவர் பேசக் கூடாது என்றும் ஒரு வரி சேருங்கள். குணச்சித்திர நடிப்பில் பாதி குரல்தான்.

தகராறு வந்தால் தயாரிப்பாளர் நியமிக்கும் ஒரே நடுவர் முன்தான் போக வேண்டும் என்று 11-வது ஷரத்து சொல்கிறது. ஒரு தரப்பு மட்டும் தனி நடுவரை நியமிப்பது செல்லாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. இரு தரப்பும் சேர்ந்து நியமிப்பது என்று மாற்றச் சொல்லுங்கள்.

இப்போது அந்த வரைவிலேயே என்னை மிகவும் கவலைப்படுத்தும் வரி: 'நடிகரின் உருவம், குரல், அசைவுகளை இப்போதுள்ள மற்றும் இனி வரும் எல்லாத் தொழில்நுட்பங்களிலும் நிரந்தரமாகப் பயன்படுத்தலாம்.' இதில் 'இந்தப் படத்துக்காக' என்ற சொல்லே இல்லை. உங்கள் முகத்தையும் குரலையும் செயற்கை நுண்ணறிவில் ஏற்றி, அடுத்த பாகத்திலும் விளம்பரத்திலும் நீங்கள் இல்லாமலே உங்களை நடிக்க வைக்க இந்த வரி கதவைத் திறந்து வைக்கிறது. 2023-ல் அமெரிக்க நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று. சென்னை உயர் நீதிமன்றம் 2015-ல் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் ஆளுமை உரிமையை (தன் பெயரையும் உருவத்தையும் அனுமதியின்றிப் பிறர் பயன்படுத்துவதைத் தடுக்கும் உரிமையை) ஏற்றது உண்மைதான். ஆனால் புகழ்பெற்றவர் என்ற நிலையை அடைந்தவருக்கே அந்த உரிமை என்று சொன்னது. முகம் தெரியும், பெயர் தெரியாது என்ற நிலையில் இருக்கும் நடிகர் அந்தத் தீர்ப்பை நம்பி இருக்க முடியாது. ஒப்பந்தம்தான் உங்கள் காவல். இப்படி மாற்றச் சொல்லுங்கள்: 'இந்தப் படத்துக்கும் அதன் விளம்பரத்துக்கும் மட்டும். நடிகரின் உருவத்தையோ குரலையோ கணினி மூலம் புதிதாக உருவாக்க, ஒவ்வொரு முறையும் தனி எழுத்துச் சம்மதமும் தனி ஊதியமும் வேண்டும்.'

ராயல்டியும் டைட்டில் கார்டும்

2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் நடிப்பவருக்கு 50 ஆண்டு கால உரிமை தருகிறது. அதைக் கேள்விப்பட்டுத்தான் எழுதியிருக்கிறீர்கள். அதே சட்டத்தின் 38ஏ பிரிவில், படத்தில் சேர்க்க எழுத்தில் சம்மதித்துவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, தயாரிப்பாளர் அதை அனுபவிப்பதை நடிகர் எதிர்க்க முடியாது என்றும் இருக்கிறது. வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி உண்டு என்ற வரியும் அங்கேயே இருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வீதமும் கணக்கும் எழுதாமல், அந்த வரியை மட்டும் காட்டி மறு ஒளிபரப்புக்குப் பணம் வாங்கிவிடலாம் என்று நம்பாதீர்கள். முடிந்துபோன 14 மாத எபிசோடுகளுக்கு அலைவதைவிட, அடுத்த ஒப்பந்தத்தில் நாள் சம்பளத்தை உயர்த்திக் கேட்பதே பலன் தரும்.

டைட்டிலில் பெயர் வருவதற்குச் சட்ட மதிப்பும் உண்டு. போகிற போக்கில் வந்து, எங்கும் பெயர் போடாத வேடம் செய்தவரைச் சட்டம் பெரும்பாலான உரிமைகளுக்கு நடிப்பவராகவே கணக்கில் எடுப்பதில்லை. எனவே பெயரின் எழுத்து, எந்த இடத்தில், தனி கார்டா கூட்டு கார்டா என்பதை எழுதி வாங்குங்கள். 38பி பிரிவு உங்கள் நடிப்பைச் சிதைத்துப் பெயரைக் கெடுப்பதைத் தடுக்கிறது. ஆனால் நீளம் கருதி வெட்டுவது சிதைப்பு ஆகாது. உங்கள் நல்ல காட்சி எடிட்டிங்கில் போனால் வருத்தப்படலாம், வழக்குப் போட முடியாது. ஆகவே எந்தத் தவணையும் 'படத்தில் இடம்பெறும் காட்சி' என்பதோடு கட்டப்பட்டிருக்கக் கூடாது.

பழைய பாக்கி 2,40,000

இதைத்தான் நீங்கள் கைவிட்டிருக்கிறீர்கள். இதற்குத்தான் அவசரம் அதிகம். முத்திரைத்தாள் இல்லை என்பதால் ஒப்பந்தம் இல்லை என்று ஆகாது. வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும், நிரூபிப்பதுதான் வேலை. உங்களிடம் நிறைய இருக்கிறது: தேதி கேட்டு வந்த வாட்ஸ்அப் செய்திகள், அட்வான்ஸ் விழுந்த வங்கிப் பதிவு, பேட்டா வவுச்சர், டைட்டிலில் உங்கள் பெயர். வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தையும் பாருங்கள். கொடுத்த பணத்துக்கு மேல், கொடுக்க வேண்டிய தொகைக்கும் சேர்த்து அந்த நிறுவனம் வரி பிடித்துக் கட்டியிருந்தால், பாக்கியை அவர்களே கணக்கில் ஏற்றியதற்கு அது நல்ல சான்று.

அந்தச் செய்திகள் இருக்கும் கைபேசியை விற்கவோ அழிக்கவோ வேண்டாம். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் கொடுக்க, 2023-ம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவின் கீழ் சான்றிதழ் தர வேண்டும். மூலக் கருவி கையில் இருந்தால் அது எளிது.

கடைசிப் படப்பிடிப்பு முடிந்து இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது என்கிறீர்கள். செய்த வேலைக்குக் கூலி கேட்கும் வழக்குக்குக் காலக்கெடு வேலை முடிந்ததிலிருந்து மூன்று வருடம். உங்களிடம் எட்டு மாதம் இருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் காலம் நின்றுவிடும் என்று பலர் நினைத்து ஏமாறுகிறார்கள், நிற்காது. வழக்கைத் தாக்கல் செய்ய வேண்டும், அல்லது கெடு முடியும் முன் அவர்கள் கையொப்பமிட்டு 'இவ்வளவு பாக்கி' என்று எழுதித் தர வேண்டும். எழுதித் தந்தால் அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று வருடம். 'பார்க்கலாம் சார், அடுத்த படம் ரிலீஸ் ஆகட்டும்' என்ற குரல் பதிவை நம்பி எட்டு மாதத்தையும் கழித்துவிடாதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனு கொடுக்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் உடன்பாடு ஏற்பட்டால் அது தீர்ப்பாணைக்குச் சமம். அதோடு, நீங்கள் உறுப்பினராக இருக்கும் சங்கத்திலும் எழுத்தில் புகார் பதிவு செய்யுங்கள்.

வரி பற்றி ஒரு எச்சரிக்கை

உங்கள் சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்ததோடு வரி முடிந்துவிடாது. அது முன்பணம் மாதிரிதான். கணக்குத் தாக்கல் செய்து மீதியைக் கட்டவோ, அதிகமானதைத் திரும்ப வாங்கவோ வேண்டும். உடை, பயணம், மேனேஜர் பங்கு போன்ற தொழில் செலவுகளுக்கு ரசீது வையுங்கள்.

நீங்கள் கவனிக்காத ஒன்று ஜிஎஸ்டி. சீரியல் முழு ஆண்டும் நடந்தால் 17,28,000. அதோடு படத்தின் 3,50,000 சேர்ந்தால் 20,78,000. சேவைக்கான 20 லட்ச வரம்பை அது தாண்டுகிறது. தாண்டினால் பதிவு செய்து 18 சதவீதம் வசூலித்துக் கட்ட வேண்டும். 'ஜிஎஸ்டி சம்பளத்துக்கு மேல் தனி' என்று இரண்டு ஒப்பந்தத்திலும் இல்லையென்றால், அது உங்கள் பையிலிருந்து போகும்.

சீரியல் முகம்

சீரியலில் வந்தவரைச் சினிமாவில் எடுக்க மாட்டார்கள் என்பது ஒரே மாதிரி வேடத்தைப் பல ஆண்டு செய்தவர்களுக்கு ஓரளவு பொருந்தலாம். எம்.எஸ். பாஸ்கர் டப்பிங் குரலாகவும் சீரியலின் நகைச்சுவைப் பாத்திரமாகவும் வீடுகளுக்குள் நுழைந்தவர். அவருக்கு 2023-ம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளில் துணை நடிகர் விருது கிடைத்தது. இந்திய விமானப் படையில் பணியாற்றிவிட்டு மேடைக்கு வந்த டெல்லி கணேஷ் சினிமாவையும் சின்னத்திரையையும் கடைசி வரை ஒன்றாகவே நடத்தினார். இருவரிடமும் பார்க்க வேண்டியது, ஒரு வேடத்தின் உடல்மொழி அடுத்த வேடத்தில் ஒட்டிக்கொண்டு வராததை.

உங்களுக்கு வேலை தேடித் தரும் வீடியோவைப் பார்த்தேன். ஏழு நிமிடம், முதல் ஒரு நிமிடம் பின்னணி இசையோடு மெதுவாக நடந்து வருகிறீர்கள். காஸ்டிங் செய்பவர் அதைத் தாண்ட மாட்டார். இரண்டரை நிமிடத்துக்குள் நான்கு காட்சிகள் வையுங்கள். நான்கிலும் வேறு வேறு மனிதர் தெரிய வேண்டும். முதல் 20 விநாடியில் உங்கள் முகமும் குரலும் வந்துவிட வேண்டும். சீரியல் அப்பா ஒரு காட்சி போதும். மேக்கப் இல்லாத புகைப்படம், தாடியோடு ஒன்று, மழித்த முகத்தோடு ஒன்று, தெரிந்த வட்டார வழக்குகள், உயரம், ஓட்டத் தெரிந்த வண்டி, எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். மொட்டை போட்டதும் முதல் வேலையாக அந்தத் தோற்றத்திலும் நல்ல படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆறு மாதத்தில் அதே தலைக்கு இன்னொரு வேடமும் கிடைக்கலாம்.

இந்த வாரமே பழைய பாக்கிக்கான காகிதங்களோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அடுத்து, படத் தரப்பிடம் ஷெட்யூல் தேதிகளையும் தோற்ற விவரத்தையும் மின்னஞ்சலில் வாங்குங்கள். அது இல்லாமல் சீரியலில் எதைக் கேட்பது என்றே உங்களுக்குத் தெரியாது. பிறகு சீரியல் இயக்குநர், பிறகு அனுமதிக் கடிதம், பிறகு திருத்திய ஒப்பந்தம், பிறகு அட்வான்ஸ். முடிதிருத்துபவரிடம் போவது அதற்கும் பிறகுதான்.